மீன் சந்தைத் திடலில் உட்கார்ந்த பெண்கள்

(கூட்டமைப்பின் மகளிர் தினக் கூட்டத்தில் களப்பணி ஒருங்கிணைப்பாளர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



போன மாதம் ஒரு பயிற்சியில் வயதான ஒரு அக்கா எழுந்து எங்களிடம் ஒரு கேள்வி கேட்டார்கள். "டிவியைப் போட்டா எந்த நாட்டைப் பார்த்தாலும் சண்டைதான். குண்டு விழுது, பச்சப்புள்ளைங்க சாவுது. நம்மள மாதிரி பொம்பளைங்க ரோட்டுல போய் உட்கார்ந்தா அதெல்லாம் நின்னுடுமா, சொல்லுங்க?" என்றார்கள். பக்கத்திலிருந்தவர்கள் சிரித்தார்கள். நாங்களும் சிரித்து மழுப்பிவிட்டு, கடன் பதிவேடு எழுதும் பாடத்துக்குப் போய்விட்டோம்.

திரும்பி வரும் பஸ்ஸில்தான் அது உறுத்தியது. ஏனென்றால் அந்தக் கேள்விக்குப் பதில் இருக்கிறது. ஒரு நாட்டில் பெண்கள் அப்படி உட்கார்ந்தார்கள். மீன் விற்கிறவர்கள், கிழங்கு விற்கிறவர்கள், அகதி முகாமில் இருந்தவர்கள், எழுதப் படிக்கத் தெரியாதவர்கள் எல்லோரும் உட்கார்ந்தார்கள். என்ன நடந்தது என்பதை இன்றைக்கு உங்களிடம் சொல்லலாம் என்று வந்திருக்கிறோம். இதைச் சொல்ல எங்களுக்கு இன்னொரு காரணமும் இருக்கிறது. அதைக் கடைசியில் சொல்கிறோம்.

எந்த நாடு அது?

ஆப்பிரிக்காவின் மேற்குக் கரையில், கடலை ஒட்டி லைபீரியா என்று ஒரு நாடு இருக்கிறது. பரப்பளவில் நம் தமிழ்நாட்டைவிடக் கொஞ்சம் சிறியது. தலைநகரம் மன்ரோவியா. நம்மைப் போலவே அவர்களுக்கும் அரிசிச் சோறுதான் முக்கியச் சாப்பாடு. மரவள்ளிக்கிழங்குச் செடியின் இலையைக் கூடக் குழம்பு வைத்துச் சாப்பிடுவார்கள். ரப்பர் தோட்டம், இரும்புத் தாது, வைரம் எல்லாம் உள்ள மண்.

அமெரிக்காவில் அடிமைத்தனத்திலிருந்து விடுபட்டு வந்த கறுப்பின மக்கள் அங்கே குடியேறி, 1847-ல் அதைத் தனி நாடாக அறிவித்தார்கள். ஆனால் வந்தவர்களின் வாரிசுகளே நாட்டை ஆண்டார்கள். காலங்காலமாக அந்த மண்ணில் இருந்த மக்கள் ஓரமாகவே நின்றார்கள். அந்தக் கசப்பு நூறு வருஷத்துக்கு மேல் உள்ளுக்குள்ளே புகைந்தது. 1980-ல் ராணுவம் ஆட்சியைப் பிடித்தது. இனக்குழுவுக்கு இனக்குழு பகை வளர்ந்தது. 1989 டிசம்பர் 24 அன்று சார்லஸ் டெய்லர் என்பவரின் படை எல்லையைத் தாண்டி உள்ளே வந்தது. பேரைக் கேட்டுத் தையல்காரர் என்று நினைத்துவிடாதீர்கள், அவர் போர்த் தலைவர்.

அந்தச் சண்டை 1996 வரை நீண்டது. 1997-ல் தேர்தல் நடந்து அதே டெய்லரே ஜனாதிபதி ஆனார். 1999-ல் வேறொரு கிளர்ச்சிப் படை அவருக்கு எதிராகக் கிளம்பியது. 2003-ல் இன்னொரு படையும் சேர்ந்துகொண்டது. இப்படி நடுவில் கொஞ்சம் மூச்சு விட்டு, 14 வருஷத்தில் இரண்டு போர். இரண்டரை லட்சம் பேர் வரை மாண்டார்கள் என்று கணக்குச் சொல்கிறார்கள். நாட்டின் மொத்த மக்களே அப்போது சுமார் 30 லட்சம்தான்.

எந்தப் படையும் யோக்கியமில்லை. பத்து, பன்னிரண்டு வயதுப் பிள்ளைகளைப் பிடித்துப் போய், போதையைக் கொடுத்து, கையில் துப்பாக்கியைக் கொடுத்தார்கள். பெண்களுக்கு நடந்ததை இங்கே விவரிக்க வேண்டாம், உங்களுக்கே புரியும். இத்தனைக்கும் நடுவில் ஊருக்குச் சோறு போட்டது யார்? சந்தைக்காரப் பெண்கள்தான். தலையில் கூடையோடு, துப்பாக்கி ஏந்தியவர்கள் நிற்கிற சோதனைச் சாவடிகளைத் தாண்டிப் போய், அரிசியும் கிழங்கும் எண்ணெயும் வாங்கி வந்து விற்றார்கள். அவர்கள் போகாவிட்டால் நகரத்தில் அடுப்பு எரியாது.

ஒரு களப்பணியாளரின் தொடக்கம்

இந்தக் கதையில் நாம் தெரிந்துகொள்ள வேண்டிய பெயர் லேமா குபோவீ. 1972-ல் பிறந்தவர். போர் வந்தபோது வயது 17. படிக்க வேண்டிய வயதில் அகதியாக அலைந்தார். அடிக்கிற ஒருவரோடு வாழ்ந்து, பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்தார். பிறகு சமூகப்பணி படித்தார். மன்ரோவியாவில் ஒரு லுத்தரன் தேவாலயத்தின் மனக்காய ஆற்றுதல் திட்டத்தில் களப்பணியாளராகச் சேர்ந்தார். படையிலிருந்து வந்த சிறுவர்களோடு வேலை செய்வதுதான் அவர் பணி. அந்தத் தேவாலயமே ஒரு காயம்பட்ட இடம். 1990 ஜூலையில், அடைக்கலம் தேடி அங்கே தங்கியிருந்த ஏறக்குறைய 600 பேரை ராணுவத்தினர் கொன்றார்கள்.

லேமாவுக்கு முன்னாலும் பெண்கள் சும்மா இருக்கவில்லை. 1994-லேயே மேரி பிரவுனெல் என்ற கல்வியாளரும் தோழிகளும் ஒரு பெண்கள் அமைப்பைத் தொடங்கி, அழைப்பு இல்லாமலே சமாதானப் பேச்சு நடக்கிற இடங்களுக்குப் போய் நின்றார்கள். "முதலில் ஆயுதத்தைக் கீழே வையுங்கள், அப்புறம் தேர்தல்" என்பது அவர்கள் கோரிக்கை. அவர்கள் போட்ட பாதை இருந்ததால்தான் பின்னால் வந்தவர்களால் நடக்க முடிந்தது.

2001-ல் மேற்கு ஆப்பிரிக்க நாடுகளின் பெண்கள் சேர்ந்து ஒரு அமைதி வலையமைப்பு தொடங்கினார்கள். லைபீரியாவுக்கு லேமா ஒருங்கிணைப்பாளர் ஆனார். 2002-ல் தேவாலயத்தில் சிலர் கூடிப் பிரார்த்தனை செய்யத் தொடங்கினார்கள். ஒரு கூட்டத்துக்கு அசாத்து பா கென்னத் என்ற முஸ்லிம் பெண் வந்திருந்தார். போலீஸ் அதிகாரி. கூட்டத்தின் நடுவில் எழுந்து, "நாங்களும் வருகிறோம், முஸ்லிம் பெண்களை நான் திரட்டுகிறேன்" என்றார்.

உடனே எல்லோரும் கைதட்டி ஏற்றுக்கொள்ளவில்லை, சகோதரிகளே. "அவங்களோட சேர்ந்து எப்படிக் கும்பிடுறது?" என்று கிறிஸ்தவப் பெண்கள் சிலர் தயங்கினார்கள். முஸ்லிம் பெண்களிலும் தயக்கம் இருந்தது. துப்பாக்கிக் குண்டு மதம் பார்த்து வருவதில்லை என்று பேசிப் பேசித்தான் அந்தத் தயக்கம் உடைந்தது. வெள்ளிக்கிழமை பள்ளிவாசல், சனிக்கிழமை சந்தை, ஞாயிற்றுக்கிழமை தேவாலயம் என்று முறை வைத்துப் போனார்கள். படிக்கத் தெரியாதவர்களுக்காக நோட்டீஸில் படம் வரைந்து கொடுத்தார்கள். ஆறு மாதம், எட்டு மாதம் இப்படி வீடு வீடாக, கடை கடையாகப் பேசினார்கள். போராட்டம் அதற்கப்புறம்தான் வந்தது. இதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

வெயிலிலும் மழையிலும்

2003 ஏப்ரலில் கிளர்ச்சிப் படைகள் தலைநகரை நெருங்கிவிட்டன. கிராமங்களிலிருந்து ஓடி வந்தவர்களால் முகாம்கள் நிரம்பின. அப்போதுதான் இந்தப் பெண்கள் மன்ரோவியாவில் மீன் சந்தையை ஒட்டிய திடலில் கூடினார்கள். ஏன் அந்த இடம்? ஜனாதிபதியின் கார் வரிசை தினமும் போய் வருகிற சாலை அதன் ஓரமாகத்தான் போகிறது. அவர் பார்க்காமல் போக முடியாது. இடத்தைத் தேர்ந்தெடுத்ததிலேயே பாதி வேலை முடிந்தது.

எல்லோரும் வெள்ளை உடை, தலையில் வெள்ளைத் துணி. நகை கிடையாது, அலங்காரம் கிடையாது. நம் ஊரில் வெள்ளைச் சேலைக்கு வேறு அர்த்தம் சொல்வார்கள். அங்கே அது அமைதியின் நிறம். இன்னொரு வசதியும் உண்டு. வெள்ளையில் உட்கார்ந்தால் யார் அதிகாரி மனைவி, யார் மீன்காரி, யார் எந்த மதம் என்று தெரியாது. லைபீரியப் பெண்களுக்கு அமைதி வேண்டும், இப்போதே வேண்டும் என்று பெரிய பதாகை கட்டினார்கள். ஊர்வலத்துக்கு டெய்லர் தடை போட்டிருந்தார். ஆனாலும் விடிந்ததும் வந்து உட்கார்ந்தார்கள். பொழுது சாய்ந்ததும் போனார்கள். மறுநாள் மறுபடி வந்தார்கள். வெயிலில் கறுத்தார்கள், மழையில் நனைந்தார்கள்.

கேட்டது மூன்றே மூன்று. ஒன்று, நிபந்தனை இல்லாமல் உடனே சண்டையை நிறுத்த வேண்டும். இரண்டு, இரு தரப்பும் உட்கார்ந்து பேச வேண்டும். மூன்று, மக்களைக் காக்க வெளியிலிருந்து அமைதிப் படை வர வேண்டும். யார் ஆள வேண்டும் என்று அவர்கள் பேசவே இல்லை. பேசியிருந்தால் "நீ அந்தக் கட்சி, நான் இந்தக் கட்சி" என்று அன்றைக்கே உடைந்திருக்கும்.

இன்னொன்றும் செய்தார்கள். சண்டை நிற்கிறவரை கணவன்மாரோடு படுப்பதில்லை என்று பெண்கள் பலர் உறுதி எடுத்தார்கள். வெளிநாட்டுப் பத்திரிகைகள் இதைத்தான் பெரிதாக எழுதின. லேமாவே பின்னால் சொன்னது வேறு. அதனால் போரில் நேரடி மாற்றம் பெரிதாக வந்துவிடவில்லை, ஆனால் உலகம் திரும்பிப் பார்க்க உதவியது என்று சொன்னார். நாமும் அதைச் சரியான அளவிலேயே எடுத்துக்கொள்வோம். வேலை செய்தது தினமும் வந்து உட்கார்ந்ததுதான்.

கடைசியில் டெய்லர் வரச் சொன்னார். 2003 ஏப்ரல் 23 அன்று பெண்கள் கூட்டமாக ஜனாதிபதி மாளிகைக்கு நடந்து போனார்கள். லேமா கோரிக்கையை வாசித்தார். அப்போது அவர் டெய்லர் முகத்தைப் பார்க்கவில்லை. அங்கே இருந்த கிரேஸ் மைனர் என்ற பெண் செனட் தலைவரைப் பார்த்துப் பேசி, அவர் கையில் மனுவைக் கொடுத்தார். ஒரு பெண்ணிடம் பெண்ணாகச் சொல்கிறோம், நீங்கள் கொண்டுபோய்ச் சேருங்கள் என்று அர்த்தம். டெய்லர் பேச்சுவார்த்தைக்கு ஒப்புக்கொண்டார். அடுத்து கிளர்ச்சிப் படைத் தலைவர்களைச் சம்மதிக்க வைக்கப் பெண்களின் குழு பக்கத்து நாடான சியரா லியோனுக்குப் போனது. அவர்களும் ஒப்புக்கொண்டார்கள்.

கதவை மறித்த நாள்

2003 ஜூன் 4 அன்று கானா நாட்டின் தலைநகர் அக்ராவில் பேச்சுவார்த்தை தொடங்கியது. முதல் நாளே ஒரு திருப்பம். பக்கத்து நாடான சியரா லியோனில் நடந்த போர்க் கொடுமைகளுக்காக, அங்கிருந்த சிறப்பு நீதிமன்றம் டெய்லர் மேல் குற்றச்சாட்டை வெளியிட்டது. அவர் அன்றைக்கே ஊர் திரும்பிவிட்டார். மற்ற தலைவர்கள் பேசிக்கொண்டே இருந்தார்கள். எதைப் பற்றி? எந்த அமைச்சர் பதவி யாருக்கு, எந்த வாரியம் யாருக்கு என்று. நல்ல ஹோட்டல் அறை, மூன்று வேளைச் சாப்பாடு. அவர்களுக்கு என்ன அவசரம்?

பெண்கள் காசு திரட்டிக்கொண்டு அக்ராவுக்கும் போயிருந்தார்கள். அங்கே அகதி முகாமில் இருந்த லைபீரியப் பெண்களும் சேர்ந்துகொண்டார்கள். ஒரு வாரம், இரண்டு வாரம், ஆறு வாரம் ஆயிற்று. ஜூலை 21 அன்று மன்ரோவியாவில் அகதிகள் தங்கியிருந்த இடத்தின் மேலேயே குண்டு விழுந்த செய்தி வந்தது. அன்று லேமாவும் சுமார் 200 பெண்களும் கூட்டம் நடக்கிற மண்டபத்துக்குள் போய், கதவுக்கு முன்னால் கைகோத்துத் தரையில் உட்கார்ந்துவிட்டார்கள். ஒப்பந்தம் ஆகாமல் உள்ளே இருக்கிறவர்கள் வெளியே வரக்கூடாது என்றார்கள்.

காவலர்கள் லேமாவைக் கைது செய்ய வந்தார்கள். அப்போது அவர் எழுந்து தன் தலைத்துணியை அவிழ்த்தார், உடையையும் களையத் தொடங்கினார். தாயின் இடத்தில் இருக்கிற ஒரு பெண் தானாக முன்வந்து ஆடையைக் களைந்து நின்றால், பார்க்கிற ஆணுக்குப் பெரிய சாபம் என்பது அந்தப் பகுதியின் நம்பிக்கை. காவலர்கள் பின்வாங்கிவிட்டார்கள். தலைமை மத்தியஸ்தராக இருந்த நைஜீரியாவின் முன்னாள் ஆட்சியாளர் அப்துல்சலாமி அபூபக்கர் வெளியே வந்து பேசினார். கோபப்படாமல் பெண்கள் சொன்னதைக் கேட்டார். இனி ஒழுங்காக உட்கார்ந்து பேச வேண்டும் என்று உள்ளே இருந்தவர்களிடமும் கண்டிப்பாகச் சொன்னார்.

அதற்குப் பிறகு காரியம் வேகமாக நடந்தது. ஆகஸ்ட் 11 அன்று டெய்லர் பதவி விலகி நைஜீரியாவுக்குப் போனார். ஆகஸ்ட் 18 அன்று சமாதான ஒப்பந்தத்தில் கையெழுத்து ஆனது.

உட்கார்ந்ததால் மட்டும் நின்றதா?

இப்போது அந்த அக்காவின் கேள்விக்கு வருகிறோம். பெண்கள் உட்கார்ந்ததாலேயே போர் நின்றது என்று நாங்கள் சொன்னால் அது பொய். கிளர்ச்சிப் படைகள் தலைநகரைச் சுற்றி வளைத்திருந்தன. நீதிமன்றக் குற்றச்சாட்டு டெய்லரின் கழுத்தை நெருக்கியது. பக்கத்து நாடுகள் அழுத்தம் கொடுத்தன, படை அனுப்பின. அமெரிக்காவும் அவரை விலகச் சொன்னது. இத்தனையும் சேர்ந்துதான் காரியம் நடந்தது.

அப்படியானால் பெண்கள் செய்தது என்ன? ஆயுதம் வைத்திருந்த ஒவ்வொருவருக்கும் அந்தப் பேச்சுவார்த்தையில் ஏதோ ஒரு பதவி வேண்டியிருந்தது. எந்தப் பதவியும் கேட்காமல், பிள்ளை உயிரோடு இருக்க வேண்டும் என்று மட்டும் கேட்ட ஆட்கள் இவர்கள்தான். பெரியவர்கள் சாக்குச் சொல்லிச் சாக்குச் சொல்லி நாளைக் கடத்தியபோது, அப்படிக் கடத்த முடியாதபடி செய்தார்கள். ஒரு நாள் தள்ளிப்போனால் எத்தனை சாவு என்று நினைத்தால், அது சின்ன வேலை இல்லை.

கையெழுத்துக்குப் பிறகு

எங்களைக் கேட்டால் இந்தக் கதையின் முக்கியமான பகுதி இதற்கு மேல்தான் வருகிறது. ஒப்பந்தம் ஆனதும் பெண்கள் வெள்ளை உடையைக் கழற்றிப் பெட்டியில் வைத்துவிடவில்லை. தாளில் இருப்பது தரைக்கு வருகிறதா என்று கூடவே இருந்து பார்த்தார்கள்.

2003 அக்டோபரில் ஐ.நா. அமைதிப் படை பொறுப்பேற்றது. டிசம்பரில் ஆயுதம் ஒப்படைக்கிற முகாமைத் திறந்தார்கள். எதிர்பார்த்ததைவிடப் பல மடங்கு ஆட்கள் துப்பாக்கியோடு வந்து நின்றார்கள். சரியான ஏற்பாடு இல்லை. கலவரம் ஆகி, முகாமை நிறுத்த வேண்டியதாயிற்று. அந்தச் சிறுவர்களோடு பேசத் தெரிந்தவர்கள் இந்தப் பெண்கள்தான். அவர்கள் படையாட்கள் இருந்த இடங்களுக்கே போய், தாய் பிள்ளையிடம் பேசுவதுபோலப் பேசி, ஆயுதத்தைக் கொடுத்துவிடச் சொன்னார்கள். 2004 ஏப்ரலில் மறுபடி வேலை தொடங்கி, 1,00,000-க்கும் மேற்பட்டவர்கள் பதிவு செய்து ஆயுத வாழ்க்கையை விட்டார்கள்.

2005-ல் தேர்தல் வந்தது. வாக்காளர் பட்டியலில் பெயர் சேர்க்கப் பெண்கள் வரவில்லை. ஏன் என்று சந்தையில் போய்க் கேட்டார்கள். "கடையை யார் பார்ப்பாங்க, குழந்தையை யார் பார்ப்பாங்க?" என்று பதில் வந்தது. "நாங்க பார்த்துக்கறோம், நீங்க போய்ப் பதிஞ்சுட்டு வாங்க" என்று இவர்கள் கடையில் உட்கார்ந்தார்கள், குழந்தையை இடுப்பில் வாங்கிக்கொண்டார்கள். அந்தத் தேர்தலில் எலன் ஜான்சன் சர்லீஃப் என்ற பெண் வென்றார். ஆப்பிரிக்காவில் மக்கள் வாக்களித்துத் தேர்ந்தெடுத்த முதல் பெண் நாட்டுத் தலைவர் அவர். 2006 ஜனவரியில் பதவியேற்றார்.

விட்டுச் சென்றது என்ன?

2011-ல் நோபல் அமைதிப் பரிசு மூன்று பெண்களுக்குக் கிடைத்தது. லேமா குபோவீ, எலன் ஜான்சன் சர்லீஃப், ஏமன் நாட்டின் தவக்குல் கர்மான். டெய்லரைச் சியரா லியோன் போருக்காக 2012-ல் குற்றவாளி என்று தீர்ப்புச் சொல்லி, 50 வருஷச் சிறைத் தண்டனை கொடுத்தார்கள்.

நம் நாட்டுக்கும் இதில் ஒரு சின்னப் பங்கு உண்டு. 2007 ஜனவரியில் மத்திய ரிசர்வ் போலீஸ் படையைச் சேர்ந்த நூற்றுக்கும் மேற்பட்ட இந்தியப் பெண்கள், ஐ.நா. சார்பில் லைபீரியாவுக்குப் பாதுகாப்புப் பணிக்குப் போனார்கள். முழுக்கப் பெண்களைக் கொண்டு ஐ.நா. அனுப்பிய முதல் போலீஸ் அணி அதுதான். 2016 வரை அணி அணியாக மாறி மாறிப் போய் வேலை செய்தார்கள். அவர்களைப் பார்த்து லைபீரியப் பெண்களும் போலீஸில் சேர ஆரம்பித்தார்கள்.

அந்த நாட்டின் ஊர்களில் இப்போது அமைதிக் குடிசைகள் இருக்கின்றன. பெண்கள் கூடி, குடும்பச் சண்டை, நிலத் தகராறு போன்றவற்றைக் கேட்டுப் பேசித் தீர்க்கிற இடம். அங்கேயே சேமிப்பும் கடனும் நடத்துகிற பெண்களும் இருக்கிறார்கள். நம் குழுக்கூட்டம் மாதிரியே என்று வைத்துக்கொள்ளுங்கள்.

2018-ல் சர்லீஃபிடமிருந்து அடுத்த ஜனாதிபதிக்கு ஆட்சி அமைதியாகக் கை மாறியது. 2023 தேர்தலில் தோற்றவர் தோல்வியை ஒப்புக்கொண்டு விலகினார். துப்பாக்கி இல்லாமல் ஆட்சி மாறுவதைப் பார்த்தே அறியாத ஒரு தலைமுறை இதைப் பார்த்தது.

எல்லாம் சரியாகிவிட்டதா என்றால் இல்லை. அந்த நாட்டு நாடாளுமன்றத்தில் பெண்கள் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்குதான். பெண்கள் மீதான வன்கொடுமை குறையவில்லை என்று 2020-ல் ஆயிரக்கணக்கானவர்கள் மறுபடி தெருவுக்கு வந்தார்கள். அதன் பிறகு அரசு அதை தேசிய அவசர நிலையாக அறிவித்தது. லைபீரியப் போரில் செய்த குற்றங்களுக்காக லைபீரியாவில் நீதிமன்றம் அமைக்கும் முதல் வேலையே 2024-ல்தான் உத்தரவாக வந்தது. போர் நிற்பது ஒரு வேலை, நியாயம் கிடைப்பது இன்னொரு வேலை. இரண்டாவது இன்னும் பாக்கி இருக்கிறது.

எங்கள் தவறு ஒன்று

முதலில் சொன்ன இன்னொரு காரணத்துக்கு வருகிறோம். ஊர் பெயரும் யார் பெயரும் சொல்லப்போவதில்லை. நம் கூட்டமைப்பில் ஒரு குழு. 14 பேர். ஒரு தெருவிலிருந்து 9 பேர், இன்னொரு தெருவிலிருந்து 5 பேர். எட்டு வருஷம் ஒரே பாயில் உட்கார்ந்தவர்கள். ஒரு திருவிழாவில் இளவட்டங்களுக்குள் வாய்த்தகராறு வந்தது, கைகலப்பு ஆனது, கேஸ் ஆனது. அன்றோடு குழுக்கூட்டம் நின்றது. ஐந்து மாதம் ஆகிவிட்டது.

எங்களிடம் வந்து கேட்டார்கள். நாங்கள் என்ன சொன்னோம் தெரியுமா? "ஆம்பளைங்க பேசி முடிக்கட்டும்மா, அப்புறம் கூட்டம் போட்டுக்கலாம்" என்றோம். சமூகப்பணி படித்த நாங்கள், லைபீரியாவைப் பற்றிப் பரீட்சை எழுதிய நாங்கள், அப்படிச் சொன்னோம். ஆண்கள் இன்னும் பேசி முடிக்கவில்லை.

ஆனால் அந்தக் குழுவில் ஒரு அம்மா எங்கள் பேச்சைக் கேட்கவில்லை. மாதாமாதம் ரேஷன் கடை வரிசையில் நிற்கும்போது, முந்தானையில் முடிந்து வைத்திருக்கிற சேமிப்புப் பணத்தை அடுத்த தெருவைச் சேர்ந்த பொருளாளரிடம் கொடுத்துவிடுகிறார். பொருளாளரும் யாருக்கும் சொல்லாமல் நோட்டில் எழுதிவிடுகிறார். போன வாரம் பதிவேட்டைப் பார்த்தபோதுதான் எங்களுக்கே தெரிந்தது. ஐந்து மாதமும் ஒரே ஒரு பெயருக்கு நேரே வரவு விழுந்திருக்கிறது. அந்தப் பக்கத்தைப் பார்த்ததும் எங்களுக்கு வெட்கமாகிவிட்டது.

அந்த இரண்டு தெருச் சகோதரிகளும் இன்றைக்கு இந்த ஹாலில் இருக்கிறீர்கள். தனித்தனியாகத்தான் உட்கார்ந்திருக்கிறீர்கள். எழுந்து கைகொடுங்கள் என்று நாங்கள் கேட்க மாட்டோம். நாலு பேர் முன்னால் அப்படிக் கேட்பது நியாயமில்லை. அவரவர் வீட்டில் என்ன கஷ்டம் இருக்கிறது என்று அவரவருக்குத்தான் தெரியும்.

நாங்கள் செய்யக்கூடியது இதுதான். வருகிற வெள்ளிக்கிழமை சாயங்காலம், இரண்டு தெருவுக்கும் பொதுவாக இருக்கிற பால்வாடித் திண்ணையில், குழுவின் பாயை விரித்து, பதிவேட்டை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்போம். கேஸைப் பற்றியோ திருவிழாவைப் பற்றியோ பேச மாட்டோம். சேமிப்பு, உள்கடன், வரவு செலவு, அவ்வளவுதான். யாரும் வராவிட்டாலும் இருட்டுகிறவரை இருப்போம். அடுத்த வெள்ளிக்கிழமையும் வருவோம். அதற்கு அடுத்த வெள்ளிக்கிழமையும் வருவோம்.

மற்ற குழுச் சகோதரிகளுக்கும் ஒரு வேண்டுகோள். உங்கள் அடுத்த கூட்டத்தில் கடன் விஷயம் முடிந்ததும் பத்து நிமிஷம் ஒதுக்கி இந்த மூன்றைப் பேசுங்கள். நம் ஊரில் யாரும் பேச்சே எடுக்காமல் ஒதுக்கி வைத்திருக்கிற பகை எது? அதில் எந்தப் பக்கமும் சாயாமல் நாம் கேட்கக்கூடிய ஒரே ஒரு கோரிக்கை எது? ஒப்புக்கொண்ட பிறகு அது நடக்கிறதா என்று போய்ப் பார்க்க நம்மில் யார் யார் பொறுப்பு எடுப்போம்? பேசியதைத் தீர்மானப் புத்தகத்தில் எழுதிக் கையெழுத்துப் போடுங்கள்.

கேள்வி கேட்ட அக்காவும் இங்கே வந்திருக்கிறார்கள். அக்கா, அன்றைக்குச் சிரித்ததற்கு மன்னிச்சுக்கோங்க. ரோட்டில் உட்கார்ந்தால் நின்றுவிடுமா என்று கேட்டீர்கள். ஒரு நாள் உட்கார்ந்தால் நிற்காது. எழுந்து போகாமல் உட்கார்ந்தவர்கள் 2003-ல் ஒரு போரை முடிவுக்குக் கொண்டுவருவதில் பங்கு எடுத்திருக்கிறார்கள். எங்களுக்குத் தெரிந்த பதில் அதுதான்.

வெள்ளிக்கிழமை பார்க்கலாம்.